பிக்கப் வண்டிக்குத் தனித்தியங்கும் பின் சஸ்பென்ஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சொந்தப் பயன்பாட்டுக்கு பிக்கப் வாங்கும் வழக்கம் பரவியதில் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 2016-இல் வந்த அந்த வண்டி, ஆந்திர எல்லையைத் தாண்டியதும் வரும் ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. வாங்கியவர்களுக்கு முதலில் உயரம் பிடிக்கிறது, பிறகு தோற்றம் பிடிக்கிறது, அதற்குப் பிறகு முதுகு பிடிக்கிறது. "பின்பக்கம் தூக்கிப் போடுகிறது, காரில் இருப்பதுபோல் மாற்றித் தாருங்கள்" என்று அம்பத்தூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்பவையும் நாங்கள் சொல்பவையும் கீழே.

இப்போது என் வண்டியில் இருப்பது என்ன? நீங்கள் சொல்லும் தனித்தியங்கும் அமைப்பு என்ன?

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். இரண்டு பின் சக்கரங்களையும் ஒரு தடித்த இரும்புக் குழாய் இணைக்கும். நடுவில் பானை போல் உப்பியிருப்பது டிஃபரன்ஷியல், எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. மொத்தத்தையும் ஹவுசிங் என்பார்கள். இந்த ஹவுசிங்கைப் பட்டை ஸ்பிரிங்குகளோடு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நீண்ட இரும்புப் பட்டைகளோடு, யூ போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறு சக்கரமும் சேர்ந்து சாயும்.

தனித்தியங்கும் அமைப்பில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பொருத்தப்பட்டுவிடும். அதிலிருந்து இரு பக்கமும் மடங்கும் மூட்டுகள் கொண்ட குட்டை ஷாஃப்ட்டுகள் சக்கரத்துக்குப் போகும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதைச் சேஸிஸோடு இணைக்கும் தனிக் கைகள், தனி ஸ்பிரிங், தனி ஷாக் அப்சார்பர். ஏதோ வெளிநாட்டு அதிசயம் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ஓடும் ஆட்டோக்களின் பின்பக்கம் இதே கொள்கைதான். டிஃபரன்ஷியல் எஞ்சினோடு நிற்கும், இரண்டு பின் சக்கரங்களும் தனித்தனிக் கையில் ஊசலாடும். டாடா நானோவிலும் அப்படித்தான் இருந்தது.

மாற்றினால் தூக்கிப் போடுவது நின்றுவிடுமா?

ஓரளவு குறையும். நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வண்டி தூக்கிப் போடுவதற்கு முதல் காரணம் இரண்டு சக்கரங்களும் சேர்ந்திருப்பது அல்ல, ஸ்பிரிங்கின் விறைப்பு. ஒரு கணக்கு போடுவோம். வெறும் வண்டியில் ஒரு பின் சக்கரத்தின் மேல் 300 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பாரம் ஏற்றினால் இன்னொரு 300 கிலோ. அந்தக் கூடுதல் பாரத்துக்குப் பின்பக்கம் 75 மில்லிமீட்டருக்கு மேல் தாழக் கூடாது என்றால், சக்கரத்தருகே மில்லிமீட்டருக்கு 4 கிலோ விறைப்பு வேண்டும். அந்த விறைப்பில் பாரத்தோடு போகும்போது வண்டி நொடிக்கு ஏறக்குறைய 1.3 முறை ஆடும். அது நல்ல காரின் ஆட்டம். பாரத்தை இறக்கிவிட்டால் அதே ஸ்பிரிங் நொடிக்கு 1.8 முறை ஆடும். இந்த 1.8-தான் உங்கள் இடுப்பில் இறங்குகிறது.

இப்போது பட்டையைக் கழற்றிவிட்டு எவ்வளவு நுட்பமான கைகளைப் பொருத்தினாலும், அதே பாரத்தைச் சுமக்க வேண்டுமென்றால் சக்கரத்தருகே அதே 4 கிலோ விறைப்பு வேண்டும். ஆகவே வெறும் வண்டி அதே 1.8 முறைதான் ஆடும். கார் சுகமாக இருப்பதற்குக் காரணம் அது 600 கிலோ சரக்கு ஏற்றுவதில்லை என்பதுதான்.

அப்படியானால் லாபமே இல்லையா? உண்டு. டிஃபரன்ஷியலும் குழாயும் சக்கரத்தோடு சேர்ந்து குதிக்காமல் சேஸிஸோடு நின்றுவிடுவதால், ஸ்பிரிங்குக்குக் கீழே ஆடும் எடை குறைகிறது. சிறு சிறு அதிர்வுகள் மட்டுப்படும். ஒரு பக்கப் பள்ளத்தில் பின்பக்கம் பக்கவாட்டில் எகிறுவது குறையும். குண்டும் குழியுமான வளைவில் டயர் தரையை விடாது. பட்டைகளுக்கு இடையிலான உராய்வும் போய்விடும். பட்டை வண்டி சிறு மேடுகளில் விறைத்துக்கொள்வதற்கு அந்த உராய்வும் ஒரு காரணம். ஆனால் நம் ஊர் வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் ஏறுகின்றன. அங்கே தனித்தியங்குவதால் வரும் நன்மை மிகக் கொஞ்சம்.

ஆர்.டி.ஓ. அனுமதிப்பாரா?

மாட்டார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எரிவாயுக் கருவி பொருத்தவும் மாற்றுத்திறனாளிகள் ஓட்ட ஏற்றபடி மாற்றவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பின் அச்சையே கழற்றி வேறு அமைப்பு வைப்பதற்கு இல்லை.

அபராதத்தை விடப் பெரிய சிக்கல் காப்பீடு. விபத்துக்குப் பிறகு வந்து பார்க்கும் சர்வேயர் வண்டிக்கு அடியில் ஒரு முறை டார்ச் அடித்தால் போதும். மூன்றாம் நபருக்கான இழப்பீடு உங்கள் தலையில் விழலாம். "பலர் செய்கிறார்களே" என்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை, வேலையும் இல்லை.

பிறகு யாருக்காக இதைச் செய்கிறீர்கள்?

பொதுச் சாலையில் இறங்காத வண்டிகளுக்கு. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் பயிற்சி நாட்களில் ஓட்டுபவர்கள், சொந்தத் தோட்டத்திலும் தனியார் நிலத்திலும் மேடு பள்ளம் ஏற்றி விளையாடுபவர்கள், பொறியியல் கல்லூரிச் செயல்திட்டங்கள். வண்டியை இழுவை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பிரிவின் விதிகள் பின் அச்சை மாற்ற இடம் தருகின்றனவா என்று முதலில் பாருங்கள். வண்டியை முடித்துவிட்டு விதிப்புத்தகத்தைத் திறப்பவர்களும் உண்டு.

தனித்தியங்கும் சஸ்பென்ஷன் பாரம் தாங்காது என்கிறார்களே?

அது தவறு. நம் ராணுவத்தில் பெமல் நிறுவனம் வழியாக வந்த டாட்ரா லாரிகள் தனித்தியங்கும் அரை அச்சுகளில்தான் ஓடுகின்றன. செக் நாட்டின் அந்த நிறுவனம் 1923-இல் டாட்ரா 11 காரிலிருந்தே அந்த முறையைக் கையாண்டு வருகிறது. அமெரிக்காவில் ஹோண்டா ரிட்ஜ்லைன் பிக்கப் முதல் தலைமுறையிலிருந்தே பின்பக்கம் தனித்தியங்கும் அமைப்புதான். சுமார் 700 கிலோ ஏற்றுகிறது.

பாரம் தாங்குமா என்பதை விட, பாரம் ஏறும்போது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதுதான் சரியான கேள்வி. ஹவுசிங் வண்டியில் பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்தாலும் இரண்டு சக்கரங்களும் நிமிர்ந்தே நிற்கும். தனித்தியங்கும் அமைப்பில் தாழத் தாழ சக்கரத்தின் தலை உள்ளே சாயும். சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும் மாறும். கார் ஒன்றில் நான்கு பேர் ஏறி இறங்கும் அளவுக்குத் திட்டமிட்ட கைகளை எடுத்து, அரை டன் ஏறி இறங்கும் பிக்கப்பில் வைத்தால் டயரின் உள்விளிம்பு தேய்ந்துகொண்டே போகும். அதைவிட மோசம், பாரத்தோடு பின் சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்பது. வேகமாகத் தடம் மாறும்போது வால் தனியாக ஆடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டை வண்டியில் பின்பக்கம் சாயும் மையப்புள்ளி உயரத்தில் இருக்கும். தனித்தியங்கும் அமைப்பில் அது தரையை ஒட்டி இறங்கிவிடும். உயரமாகச் சரக்கு ஏற்றிய வண்டி வளைவில் முன்பைவிட அதிகம் சாயும். இரு பக்கக் கைகளையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி ரோல் பார் இல்லாமல் இந்த வேலையை நாங்கள் முடித்துக் கொடுப்பதில்லை.

எந்த வண்டியின் பாகங்களை எடுப்பது?

புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு வராதீர்கள். மல்டி லிங்க் (ஒவ்வொரு சக்கரத்துக்கும் பல கைகள் கொண்ட அமைப்பு) என்ற சொல்லைக் கேட்டு மஹிந்திரா எக்ஸ்யூவி 500-இன் பின்பக்கத்தை வாங்கி வருபவர்கள் அடிக்கடி வருகிறார்கள். அமைப்பு நல்லதுதான். ஆனால் அந்த வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம். பின்பக்கம் டிஃபரன்ஷியலே கிடையாது, சக்கர ஹப்பில் ஷாஃப்ட் நுழையத் துளையும் இராது.

தேவை, பின்சக்கரத்தால் ஓடும் வண்டியின் பின்பக்கம்: டிஃபரன்ஷியல், இவற்றையெல்லாம் தாங்கும் சிறு சட்டமான சப்ஃபிரேம், கைகள், ஷாஃப்ட்டுகள், ஹப், பிரேக் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து. சென்னையில் தேட எளிது பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ். செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் அந்த நிறுவனம் கார்களை ஒன்றுசேர்த்துத் தயாரிப்பதால் பழைய பாகங்களும் உதிரிகளும் புழக்கத்தில் உள்ளன. 3 சீரிஸில் பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருப்பதால், ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பானதாக மாற்றுவது எளிது. இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நிற்பதில்லை. கையின் நடுவில் எங்கோ நிற்கிறது. அது சக்கர அசைவில் 0.6 பங்கு மட்டுமே அசைந்தால், சக்கரத்தருகே 4 கிலோ விறைப்பு கிடைக்க ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 11 கிலோ விறைப்போடு இருக்க வேண்டும், 0.6-இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும் என்பதால். அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங் உட்காரும் தட்டையும் வலுப்படுத்தியாக வேண்டும்.

வாங்கும்போது விபத்து வண்டியின் சப்ஃபிரேமைத் தவிர்த்துவிடுங்கள். கோணல் கண்ணுக்குத் தெரியாது. வீல் அலைன்மென்ட் இயந்திரத்தில்தான் தெரியும், அதற்குள் வெல்டிங் முடிந்திருக்கும்.

கார் ஷாஃப்ட் பிக்கப்பின் இழுவையைத் தாங்குமா?

வி-கிராஸில் முதலில் வந்த 2.5 லிட்டர் எஞ்சின் 320 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. முதல் கியரில் நான்கு மடங்கு, டிஃபரன்ஷியலில் நான்கு மடங்கு என்று தோராயமாக வைத்தால் 5,120. இரண்டு ஷாஃப்ட்டுக்கும் பிரித்தால் தலைக்கு 2,560. ஆனால் அவ்வளவும் ஷாஃப்ட்டுக்கு வராது, அதற்கு முன் டயர் வழுக்கிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் 300 கிலோ நிற்கும் டயர் ஏறக்குறைய 870 நியூட்டன் மீட்டர் வரைதான் பிடிக்கும். 600 கிலோ ஏற்றினால் பிடிமானம் இரட்டித்து 1,740 ஆகிறது. வெறும் வண்டியில் ஆண்டுக்கணக்காக உழைக்கும் ஷாஃப்ட், பாரத்தோடு மேட்டில் கிளட்சைத் திடீரென்று விட்ட ஒரு நொடியில் முறிவது இதனால்தான்.

அடுத்தது மூட்டின் கோணம். வெளிப்பக்க மூட்டு நன்றாக மடங்கும், உள்பக்க மூட்டு அவ்வளவு மடங்காது. வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டினால் உள் மூட்டு எப்போதும் வளைந்தே சுற்றும். சூடேறி, ரப்பர் உறை கிழிந்து, கிரீஸைக் கக்கும். வெறும் வண்டி நிற்கும்போது ஷாஃப்ட் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கும்படி டிஃபரன்ஷியலின் உயரத்தை அமைப்பதே எங்கள் வழக்கம்.

என்னுடையது நான்கு சக்கர இயக்கம். ஏதேனும் வேறுபாடு உண்டா?

முன்பக்க டிஃபரன்ஷியலின் பல் விகிதமும் பின்பக்கத்தினுடையதும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். பிக்கப்பில் அது 4-ஐ ஒட்டியும் டீசல் செடானில் 3-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டையும் சேர்த்து நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்று இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும். இரு சக்கர இயக்கத்திலேயே ஓட்டினாலும் நான்கில் ஒரு பங்கு இழுவை போய்விடும். பாரத்தோடு கிளம்பும்போது கிளட்ச் வாடை அடிக்கும்.

சேஸிஸில் நேரடியாக வெல்டிங் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் வெல்டிங் கடைசி வேலை. முதல் வேலை நூலும் தூக்குக்குண்டும்.

பழைய ஹவுசிங்கைக் கழற்றுவதற்கு முன், கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் தரையின் நான்கு மூலைகளையும் பார்த்து, தகடு கொடுத்துச் சமன் செய்கிறோம். டயரில் சரியான காற்று, டேங்கில் பாதி டீசல். சேஸிஸின் இருபுறமும் தொழிற்சாலை போட்ட துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு இடையே மூலைவிட்டங்களை அளக்கிறோம். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போகாவிட்டால் சேஸிஸே கோணல். வேலை அங்கேயே நிற்கும். ஒத்துப்போனால் நடுக்கோட்டுக்கு நூல் அடித்து, பின் சக்கர மையத்தையும் தரையில் குறித்துக்கொள்கிறோம். இனி வண்டிக்கு மேல் எதை மாற்றினாலும் தரையில் உள்ள கோடு மாறாது.

பிறகு சப்ஃபிரேமை அந்தக் கோட்டின் மேல் மரக்கட்டைகளில் உட்கார வைத்து, தாங்கிகளை டாக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்டிங்) மட்டும் அடிக்கிறோம். ஸ்பிரிங் இல்லாமல் கைகளைப் பூட்டி, ஹப்பை ஜாக்கியால் பத்துப் பத்து மில்லிமீட்டராக உயர்த்துகிறோம். ஹப்பில் ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைக் கட்டி, அதன் முன்முனையும் பின்முனையும் நடுக்கோட்டு நூலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று ஒவ்வொரு படியிலும் குறிக்கிறோம். வெறும் வண்டியிலிருந்து முழுப் பாரம் வரைக்கும் அந்த இரு அளவுகளின் வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டருக்குமேல் மாறினால், டாக்கை அறுத்துத் தாங்கியை நகர்த்தி மறுபடி முதலிலிருந்து. அலுப்பான வேலைதான். வாடிக்கையாளர்கள் இந்தக் கட்டத்தில் வந்து பார்த்துவிட்டு, "இன்னும் ஒன்றுமே ஆகவில்லையே" என்பார்கள்.

சேஸிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. பக்கவாட்டுச் சுவரில்தான் போட வேண்டும். பட்டை ஸ்பிரிங் பாரத்தை முன்னும் பின்னும் இரண்டு இடங்களில் சேஸிஸுக்குக் கொடுத்தது. புதிய அமைப்பு வேறு இடங்களில் கொடுக்கும். அந்த இடங்களில் வலுத்தகடு வைத்து, தகட்டின் முனைகளைச் சதுரமாக விடாமல் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் தகடு முடியும் இடத்தில் விரிசல் விடும். வெல்டிங்கை ஒரே மூச்சில் இழுக்காமல் பக்கம் மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாக வைத்து ஆற விடுகிறோம். பேட்டரி, டீசல் டேங்க், பிரேக் குழாய்கள் எல்லாம் முன்பே வெளியே போயிருக்க வேண்டும். பின்பக்கம் தொங்கிய ஸ்டெப்னிக்குப் பெரும்பாலும் இடம் போய்விடும், தொட்டிக்குள் ஏற்றுங்கள்.

பிரேக்கில் கவனிக்க வேண்டியது?

பல பிக்கப் வண்டிகளில் ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அதில் இருக்கிறது. ஹவுசிங் போனால் கம்பி அந்தரத்தில். சிலர் அதை ஓரிடத்தில் கட்டிவைத்துவிடுகிறார்கள். வெறும் வண்டி மழையில் பிரேக் பிடித்தால் பின்பக்கம் பூட்டிச் சுழலும். ஒரு பக்கக் கையில் இணைப்பதை விட, ஆன்டி ரோல் பாரின் நடுவில் சரியான நெம்புகோல் அளவோடு இணைப்பதே நல்லது.

ஏபிஎஸ் வளையத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது. வி-கிராஸின் சக்கரத்தில் ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். பழைய 3 சீரிஸில் ஐந்து போல்ட், 120. முன்னும் பின்னும் ஒரே சக்கரம் வேண்டுமென்றால் ஹப்பை லேத்தில் புதிதாகக் கடைய வேண்டும். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் தகட்டில் சமாளிக்க நாங்கள் ஒப்புவதில்லை.

மழைக்காலத்தில்?

மூட்டுகளின் ரப்பர் உறைதான் உயிர்நாடி. கிழிந்த உறையோடு ஒரு முறை வெள்ள நீரில் இறங்கினால் மணல் உள்ளே போய், சில வாரங்களில் ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலேயே உறைகளைப் பாருங்கள். டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயைத் தொட்டியின் விளிம்பு வரை உயர்த்திக் கட்டுங்கள். சூடான டிஃபரன்ஷியல் நீரில் இறங்கினால் குளிர்ந்து சுருங்கித் தண்ணீரை உள்ளே இழுக்கும். இது ஹவுசிங் வண்டிக்கும் பொருந்தும்.

சாலையில் ஓட்ட வேண்டும், சட்டமும் மீறக் கூடாது, சுகமும் வேண்டும். என்ன செய்யலாம்?

முதலில் டயரின் காற்று. வெறும் வண்டியில் முழுப் பாரத்துக்கான காற்றோடு ஓட்டுபவர்களே அதிகம். கதவோரத்துத் தகட்டில் பாரத்துக்கு ஓர் அளவு, வெறும் வண்டிக்கு ஓர் அளவு இருக்கும், அதன்படி வையுங்கள். அடுத்து, தேய்ந்த பட்டைப் புஷ்களையும் ஓய்ந்த ஷாக் அப்சார்பர்களையும் தயாரிப்பாளர் குறித்த தரத்திலேயே மாற்றுங்கள். பட்டைகளைப் பிரித்துத் துருவைத் தேய்த்து எடுங்கள். ஈ.சி.ஆர். பக்கம் குடியிருப்பவர்களின் வண்டியில் உப்புக்காற்றால் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியே போயிருக்கும். ஒரு பட்டையை உருவிவிடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். மீதிப் பட்டைகள் முறியும்.

இன்னும் வாங்கவில்லையா? நல்ல செய்தி. டி-மேக்ஸின் அடித்தளத்திலேயே செய்த எம்யு-எக்ஸ் என்ற எஸ்.யு.வி.க்கு இசுசு பின்பக்கம் காயில் ஸ்பிரிங்கும் ஐந்து இணைப்புக் கைகளும் கொடுத்தது. மறைமலை நகரில் தயாரான கடைசித் தலைமுறை ஃபோர்டு எண்டெவரில் காயிலோடு, ஹவுசிங் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் வாட்ஸ் லிங்க்கேஜும் இருந்தது. அதன் உடன்பிறப்பான ரேஞ்சர் பிக்கப்போ பட்டையில் ஓடியது. இரண்டு நிறுவனங்களுமே ஹவுசிங்கை எடுக்கவில்லை, சுகத்துக்காக ஸ்பிரிங்கைத்தான் மாற்றின என்பதைக் கவனியுங்கள். தொட்டியில் மாதத்துக்கு ஒரு முறைதான் சரக்கு ஏறும் என்றால் உங்களுக்கு வேண்டியது பிக்கப் அல்ல, அந்த வகை வண்டி.

பந்தயத் தடத்துக்கான வண்டியில்கூட, "ஹவுசிங்கை வைத்துக்கொண்டு காயிலும் இணைப்புக் கைகளும் போட்டால் போதுமா?" என்று எங்களைக் கேட்டால் பெரும்பாலும் போதும் என்போம். செலவில் சிறு பங்கு, சக்கரம் நிமிர்ந்தே நிற்கும், பழைய பிரேக், பழைய ஹப், பழைய பல் விகிதம். சாலையில் மட்டும் அதற்கும் அனுமதி இல்லை.

கழற்றிய ஹவுசிங்கையும் பட்டைகளையும் விற்றுவிடலாமா?

வேண்டாம். வண்டியை மறுபடி பதிவுக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவர அதுதான் ஒரே வழி. அதனால்தான் பட்டை ஸ்பிரிங்கின் முனையைப் பிடித்திருந்த பழைய ஷாக்கிள் தாங்கிகளையும் நாங்கள் சேஸிஸிலிருந்து வெட்டி எடுப்பதில்லை. டிஃபரன்ஷியலில் எண்ணெய் நிரப்பி, அச்சு முனைகளில் கிரீஸ் தடவி, தார்ப்பாய் சுற்றி வையுங்கள். யூ போல்ட்டுகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடலாம். ஒரு முறை முறுக்கி நீண்டவற்றை மறுபடி பூட்டக் கூடாது. திரும்பப் பொருத்தும் நாளில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.